அந்தத் தாயிடம் ஆய்வுக்கூடம் இல்லை

நைஜீரியாவின் வடக்கே கனோ என்றொரு மாநிலம். 2003இல் அங்கே போலியோ சொட்டு மருந்து கொடுப்பதை மாநில அரசே நிறுத்தி வைத்தது. பெண் குழந்தைகளைப் பிற்காலத்தில் மலடாக்கும் பொருள் அதில் கலந்திருக்கிறது, எய்ட்ஸ் கிருமியும் இருக்கிறது, முஸ்லிம்களின் எண்ணிக்கையைக் குறைக்க மேற்கு நாடுகள் செய்யும் சதி இது என்று மதத் தலைவர்கள் சொன்னார்கள். வேறு சில வட மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. மற்றவை மெல்ல இறங்கி வந்தன. கனோ மட்டும் ஏறத்தாழ பதினொரு மாதம் அசையாமல் நின்றது.

இதைக் கேட்டதும் பகுத்தறிவு பேசுகிற நம்மவர் ஒருவருக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். படிப்பில்லாத கூட்டம், மதவெறி, மூடநம்பிக்கை. மூன்று சொல்லில் கதையை முடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். அந்த மூன்று சொல்லும் கனோவின் கதைக்குப் போதாது. போதாத சொற்களை வைத்துக்கொண்டு திருப்தி அடைவது, நாம் யாரைப் பார்த்துக் கோபப்படுகிறோமோ அவர்கள் செய்யும் அதே வேலை. ஆராயாமல் நம்புவது.

மூடநம்பிக்கையிலிருந்தே தொடங்குவோம். ஹவுசா மக்களிடம் இளம்பிள்ளை வாதத்தைப் பற்றிப் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. இன்னா என்ற ஆவி பிள்ளையின் கால் வலுவை உறிஞ்சிக் குடித்துவிடுகிறது என்பார்கள். நம் பக்கத்தில் அம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொன்னதைப் போன்றதுதான். ஆனால் அந்த நம்பிக்கை 2003க்கு முன்பும் இருந்தது. அப்போதெல்லாம் சொட்டு மருந்து வீடு வீடாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருந்த வீட்டிலேயே பேரப்பிள்ளையின் கையை ஊசிக்கு நீட்டிய பாட்டிகள் நம்மிடம் இல்லையா? மனிதர்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். இன்னா வந்து சொட்டு மருந்தைத் தடுக்கவில்லை. தடுத்தது செய்தித்தாள், வானொலி, இணையம், பள்ளிவாசலில் நடந்த விவாதம். தடையை முன்னின்று கோரியவர்களில் முக்கியமானவர் நைஜீரியாவின் ஷரியா உச்ச மன்றத் தலைவர் தத்தி அகமது. அவர் மந்திரவாதி அல்லர், மருத்துவம் படித்த மருத்துவர். படிப்பில்லாமை என்ற விளக்கமும் அந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

அப்படியென்றால் அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? 1996க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு நைஜீரியாவின் வடக்கே மூளைக்காய்ச்சல் பெருந்தொற்றாகப் பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள்; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கனோ நகரின் தொற்றுநோய் மருத்துவமனையில் இடம் போதவில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே குளோராம்பெனிகால் என்ற பழைய, மலிவான, சோதித்து அறிந்த மருந்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதே வளாகத்துக்கு ஃபைசர் நிறுவனத்தின் குழு ஒன்று வந்தது. ட்ரோவன் என்ற புது மருந்தைச் சுமார் நூறு குழந்தைகளுக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக செஃப்ட்ரையாக்ஸோன் என்ற மருந்தை இன்னொரு நூறு குழந்தைகளுக்கும் கொடுத்தது. பதினொரு குழந்தைகள் இறந்தார்கள். சிலருக்குக் காது போயிற்று, சிலருக்குக் கைகால் விளங்காமல் போயிற்று.

இங்கே நிதானமாகப் பேச வேண்டும். ட்ரோவன் பெற்றவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள், செஃப்ட்ரையாக்ஸோன் பெற்றவர்களில் ஆறு பேர். மூளைக்காய்ச்சலே கொல்லக்கூடிய நோய், காதையும் மூளையையும் தாக்கக்கூடிய நோய். ட்ரோவன்தான் அந்தப் பிள்ளைகளைக் கொன்றது என்று அந்த எண்களை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. நிறுவனமும் அதைத்தான் சொன்னது. அதிகாரிகளுக்குத் தெரிந்தே செய்தோம், பெற்றோரிடம் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினோம் என்றது. பெற்றோர் அதை மறுத்தார்கள். இது சோதனை என்றோ, பக்கத்திலேயே வேறு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது என்றோ எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றார்கள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததாக ஒரு கடிதம் காட்டப்பட்டது. அந்தக் கடிதத்தில் இருந்த தேதியில் மருத்துவமனையில் அப்படியொரு குழுவே இருக்கவில்லை. கடிதம் பிற்பாடு எழுதப்பட்டு முன்தேதி இடப்பட்டது என்று 2001 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் புலனாய்வில் வெளிவந்தது. நைஜீரிய அரசு அமைத்த விசாரணைக் குழு அந்தச் சோதனை சட்டத்துக்குப் புறம்பானது என்று முடிவு சொன்னது. அந்த அறிக்கையோ ஆண்டுக்கணக்கில் வெளியே வரவில்லை. 2009இல் கனோ அரசுடன் 7.5 கோடி டாலருக்கு சமரசம் ஆயிற்று. தவறை ஒப்புக்கொண்டு நிறுவனம் அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை.

இப்போது 2003க்குத் திரும்புங்கள். அதே கனோ. அந்தக் குடும்பங்கள் போட்ட வழக்கு நியூயார்க் நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்கா ஈராக்கின் மீது படையெடுத்திருக்கிறது. நைஜீரிய அரசே 1988இல் ஒரு பெண்ணுக்கு நான்கு பிள்ளை போதும் என்று மக்கள்தொகைக் கொள்கை வகுத்திருந்ததும் பலருக்கு நினைவிருக்கிறது. இந்த நிலையில் ஒரு சுகாதாரப் பணியாளர் பனிப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறார். உங்கள் பிள்ளையின் வாயில் இரண்டு சொட்டு விட வேண்டும், காசு வேண்டாம் என்கிறார். போன மாதமும் வந்தார். அதற்கு முந்தியும் வந்தார். அதே வீட்டில் பிள்ளைக்கு மலேரியாக் காய்ச்சல் அடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இருக்காது. தட்டம்மையில் தெருவில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஊசி போட யாரும் வீடு தேடி வருவதில்லை. நாங்கள் கேட்கும் மருந்து கிடைப்பதில்லை, கேட்காத மருந்தை மட்டும் வீட்டுக்கே கொண்டுவந்து ஊற்றுகிறீர்களே, ஏன் என்று அந்தப் பெற்றோர் கேட்டார்கள்.

அது நல்ல கேள்வி. சான்றிலிருந்து புறப்பட்ட கேள்வி. ‘யார் சொன்னாலும் எதைச் சொன்னாலும் உன் அறிவைக் கொண்டு கேட்டுப் பார்’ என்று மேடைதோறும் முழங்கிய மரபில் வந்தவர்கள் நாம். அப்படிக் கேட்ட கனோவின் தாய் அதைத்தான் செய்தாள். அவளுக்குத் தெரிந்த வரலாற்றை வைத்துக்கொண்டு, அவள் வாசலில் நின்ற நிறுவனத்தை எடைபோட்டாள். அவளுடைய முடிவு தவறு. அவள் கேட்டதில் தவறில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவரிடம் பகுத்தறிவு என்ற பெயர் இருக்கலாம், பிரித்தறியும் அறிவு இல்லை.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டு, ‘அவர்கள் பண்பாடு, அவர்கள் அச்சம், நாம் யார் கருத்துச் சொல்ல’ என்று கையைக் கட்டிக்கொள்ளவும் நான் தயாரில்லை. இப்படிப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. கால் விளங்காமல் போன குழந்தைக்கு அந்த நாகரிகத்தால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, மருந்து கொடுத்தபோதும் கேட்கவில்லை, மறுத்தபோதும் கேட்கவில்லை. யாரோ ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். யார்?

என்னுடைய அளவுகோல் ஒன்றுதான். உண்மையை அறிந்துகொள்ளும் வாய்ப்பு யாரிடம் அதிகம் இருந்ததோ, பழியும் அவர் மேல்தான் அதிகம். அந்தத் தாயிடம் ஆய்வுக்கூடம் இல்லை. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று அவளால் பார்க்க முடியாது. அவளால் செய்ய முடிந்ததெல்லாம் குப்பியைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பதுதான். கனோவின் ஆளுநர் இப்ராஹிம் ஷெகாராவின் நிலை வேறு. அவர் கையில் அரசு இருந்தது. சந்தேகம் வந்தால் மாதிரியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம், முடிவு வரும்வரை தினமும் மக்களிடம் பேசலாம். சோதனைகள் நடக்கத்தான் செய்தன. ஒரு தரப்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கிறது என்றது, இன்னொரு தரப்பு ஆபத்தான அளவில் எதுவும் இல்லை என்றது. மத அமைப்புகளின் பிரதிநிதிகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு குழு தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இந்தியாவுக்கும் போய்ச் சோதனைகளைப் பார்த்து வந்தது. அந்தக் குழு பாதுகாப்பானது என்று சொன்ன பிறகும் கனோ மாதக்கணக்கில் இழுத்தது. சந்தேகத்துக்கு விடை கிடைத்த பிறகும் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதை நான் சந்தேகம் என்று சொல்லமாட்டேன். அது அரசியல். தலைநகரில் இருந்த கூட்டாட்சி அரசோடு வடக்கின் அரசியல்வாதிகளுக்கு இருந்த கணக்குக்குப் பிள்ளைகளின் கால்களைப் பணயம் வைத்தார்கள்.

முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்பதும் சொல்லத் தகுந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவின் பயோஃபார்மா நிறுவனம் தயாரித்த மருந்தை வரவழைப்பது என்று முடிவாயிற்று. 2004 ஜூலை இறுதியில் கனோவில் சொட்டு மருந்து மீண்டும் தொடங்கியது. ஆளுநர் தன் சொந்தக் குழந்தைக்கே எல்லோரும் பார்க்க மருந்து கொடுக்கச் செய்தார். வேதியியல் கண்ணோட்டத்தில் பழைய குப்பிக்கும் புதிய குப்பிக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு கிடையாது. கொடுக்கும் கைதான் மாறியது. மதம் பார்த்து மருந்து வாங்கும் அளவுக்கு இறங்க வேண்டுமா என்று அப்போது முகம் சுளித்த அறிவியலாளர்கள் உண்டு. நான் முகம் சுளிக்கமாட்டேன். தன்னால் சரிபார்க்க முடியாத ஒரு விஷயத்தில், தன்னை ஏமாற்ற முகாந்திரம் இல்லாத ஒருவரின் சொல்லை ஏற்பது அறிவுக்கு உகந்த செயல்தான். நாம் எல்லோரும் அன்றாடம் அப்படித்தான் வாழ்கிறோம்.

அந்தப் பதினொரு மாதங்களின் விலையைப் பார்ப்போம். போலியோ கிருமி தொற்றும் பிள்ளைகளில் இருநூறில் ஒன்றுக்குத்தான் வாதம் வரும். மற்றவர்கள் ஓடி ஆடிக்கொண்டே கிருமியை மலத்தில் வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஒரு பிள்ளையின் கால் துவண்டு நம் கண்ணில் படும்போது, கிருமி நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். வட நைஜீரியாவிலிருந்து கிளம்பிய கிருமி மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்கா முழுக்கப் போயிற்று. நோயை ஒழித்துவிட்டு நிம்மதியாக இருந்த நாடுகளில் மீண்டும் முளைத்தது. சூடானைத் தொட்டது. செங்கடலைத் தாண்டி ஏமனில் நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை முடக்கியது. சவூதி அரேபியா, புனிதப் பயணம் வரும் பிள்ளைகள் சொட்டு மருந்து எடுத்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. 2005இல் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் சுகபூமி பகுதியில் ஒரு குழந்தைக்கு வாதம் வந்தது. பத்தாண்டு காலமாக அங்கே போலியோ கிடையாது. கிருமியின் மரபுத் தடத்தைப் பின்தொடர்ந்து போனால் அது நைஜீரியாவில் போய் நின்றது. முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே முடமானார்கள். கனோவின் சந்தேகத்தைத் தீர்க்க மருந்து அனுப்பிய நாடு அது. பயோஃபார்மா இருக்கும் பாண்டுங் நகரமும் அதே மேற்கு ஜாவாவில்தான் இருக்கிறது.

ஆப்பிரிக்காவின் 23 நாடுகள் சேர்ந்து 2004 அக்டோபரில் ஒரே நேரத்தில் எட்டுக் கோடிப் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க இறங்கின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள். உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த நாடுகளும் அதில் இருந்தன. பக்கத்து நாட்டில் கொடுத்து முடித்த பிறகு நாம் கொடுப்போம் என்று ஒரு நாடு காத்திருந்தால், எல்லையில் ஆடுமாடு மேய்த்துத் திரியும் குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு முறையும் விடுபட்டுப் போவார்கள். அதனால்தான் ஒரே நேரத்தில் என்ற விதி. ஒரு மாநிலம் பிடித்த அடத்துக்கு ஒரு கண்டம் இப்படி உழைக்க வேண்டியிருந்தது. அப்படியும் 2006இல் நைஜீரியாவில் ஆயிரத்தைத் தாண்டிப் பிள்ளைகள் முடமானார்கள்.

என் அளவுகோலைக் கீழே இருப்பவர்களிடம் மட்டும் காட்டிவிட்டு மடித்து வைக்க முடியாது. மேலேயும் பிடிக்க வேண்டும்.

2011இல் ஒசாமா பின்லாடனைத் தேடிய அமெரிக்க உளவு நிறுவனம் சிஐஏ, பாகிஸ்தானின் அபோத்தாபாத்தில் ஒரு மருத்துவரை வைத்து மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் நடத்தியது. அவர் ஒளிந்திருப்பதாகச் சந்தேகித்த வீட்டுப் பிள்ளைகளின் மரபணு மாதிரியை எடுக்க முடியுமா என்பதுதான் நோக்கம். தடுப்பூசியை மூன்று தவணை போட வேண்டும். ஏழைகள் வாழும் பகுதியில் முகாமைத் தொடங்கி முதல் தவணை கொடுத்தார்கள். அடுத்த தவணைக்கு அங்கே திரும்பி வரவில்லை. முகாம் அந்த வீடு இருந்த வட்டாரத்துக்கு நகர்ந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் செய்தி வெளியானது. தடுப்பூசிக்காரர்கள் ஒற்றர்கள் என்று தீவிரவாதிகள் அதுவரை பரப்பிய பொய்க்கு ஒரு மெய்யான உதாரணம் கிடைத்துவிட்டது. 2012 ஜூனில் வடக்கு வசீரிஸ்தானில் சொட்டு மருந்துக்குத் தடை போட்டார்கள். அந்த டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவர் பக்கத்திலும் சொட்டு மருந்து கொடுக்கப் போன பணியாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சொற்பக் கூலிக்கு வெயிலில் நடந்தவர்கள். 2013 பிப்ரவரியில் கனோவிலும் ஒன்பது பெண் பணியாளர்கள் துப்பாக்கிக்கு இரையானார்கள்.

சுட்டவன்தான் கொலைகாரன். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அந்தப் பெண்கள் அணிந்திருந்த ஒரே கவசம், தாங்கள் மருந்து கொடுக்க மட்டுமே வருகிறோம் என்ற நம்பகம். அதை அவர்களைக் கேட்காமல் கழற்றி எடுத்தவர்கள் வேறு கண்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உலகிலேயே எதையும் அறிந்துகொள்ளும் வசதி மிகுந்த அமைப்பு அது. விளைவை அறியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லும் உரிமை அதற்குக் கடைசியாகத்தான் உண்டு. அமெரிக்காவின் பொது சுகாதாரக் கல்லூரிகள் பன்னிரண்டின் தலைவர்கள் 2013 ஜனவரியில் அதிபர் ஒபாமாவுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். இனித் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்தமாட்டோம் என்ற பதில் 2014 மே மாதம் வெள்ளை மாளிகையிலிருந்து வந்தது. அந்த உறுதிமொழி ஒரு நாட்டின் நிர்வாகம் தன் விருப்பத்தில் கொடுத்த கடிதமாகவே நிற்கிறது. போர்க்களத்தில் செஞ்சிலுவைச் சின்னத்தை ஏமாற்றுக்குப் பயன்படுத்துவது குற்றம் என்று நாடுகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. தடுப்பூசிப் பெட்டிக்கும் அதே அளவு வலுவான பாதுகாப்பை ஏன் கேட்கக் கூடாது?

நம் நாட்டுக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களிலும் சொட்டு மருந்துக்கு எதிராகக் கதவை அடைத்தார்கள். அங்கேயும் கருத்தடை பயம்தான். அங்கேயும் அதற்கு வரலாறு இருந்தது. நெருக்கடி நிலையின்போது 1976–77 ஓராண்டில் மட்டும் எண்பது லட்சத்தைத் தாண்டிய கருத்தடை அறுவைகள் நடந்த நாடு இது. போலீஸ் வந்து ஆள் பிடித்துப் போன ஊர்களில், அரசாங்கம் வீடு தேடி வந்து பிள்ளைக்கு ஏதோ கொடுக்கிறது என்றால் எப்படித் திறப்பார்கள்?

அந்த ஊர்ப் பெற்றோர் இன்னொன்றும் சொன்னார்கள். பத்து முறை சொட்டு கொடுத்த பிள்ளைக்கும் கால் போயிற்றே என்றார்கள். ஒழுங்காகக் கொடுத்திருக்கமாட்டீர்கள், நினைவு பிசகாகச் சொல்கிறீர்கள் என்று அதிகாரிகள் பலர் அதைத் தள்ளினார்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. அப்போது கொடுத்த, மூன்று வகைக் கிருமிக்கும் சேர்த்த மும்முனைச் சொட்டு மருந்தின் ஒரு தவணை, உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குத்தான் பாதுகாப்பு தந்தது. பீகாரும் உத்தரப் பிரதேசமும் நீங்கலாக மற்ற இந்தியாவில் இருபத்தொன்று. நெரிசலும் சாக்கடையும் ஓயாத வயிற்றுப்போக்கும் உள்ள இடத்தில் மருந்து குடலில் ஊன்றுவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே இந்தியப் பிள்ளைகளிடம் இந்தச் சொட்டு மருந்து எதிர்பார்த்த அளவு பிடிக்கவில்லை என்று ஆய்ந்து சொல்லியிருந்தார். உலக அமைப்புகள் அதைக் காதில் வாங்க நாளாயிற்று. பின்னால் ஒருமுனை மருந்தும், 2010இல் இருமுனை மருந்தும் வந்தன. அலிகர், ஜாமியா பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலேயே சொட்டு மருந்து நாளை அறிவித்தார்கள். 2011 ஜனவரி 13இல் ஹவுராவில் கண்டறிந்த குழந்தையோடு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் காட்டு வகைப் போலியோ முடிந்தது. 2014 மார்ச் 27இல் தென்கிழக்காசிய வட்டார நாடுகள் பதினொன்றும் சேர்ந்து போலியோ அற்றவை என்று சான்று பெற்றன.

ஆக, கதவை அடைத்த பெற்றோர் மருந்தில் விஷம் என்று சொன்னது பொய். மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று சொன்னது மெய். அரசாங்கம் அந்தப் பொய்யை மறுக்கும் வேகத்தில் மெய்யையும் சேர்த்து மறுத்தது. மறுத்த நாளெல்லாம் பொய்க்கு வலு கூடியது.

இதைவிட எனக்கு வலிக்கிற செய்தி ஒன்று உண்டு. சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி. தடுப்பு மருந்து பெறாத பிள்ளைகள் நிறைய இருக்கும் ஊரில் அது ஆளுக்கு ஆள் தொற்றிக்கொண்டே போய், அபூர்வமாக, பழைய வலுவை மீட்டுக்கொள்ளும். வட நைஜீரியாவில் அப்படியே நடந்தது. தடையால் மருந்து பெறாமல் போன பிள்ளைகளிடையே மருந்திலிருந்து பிறந்த கிருமி சுற்றத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்துக்கும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கும் 2006இலேயே இது தெரியும். 2007 செப்டம்பர் வாக்கில்தான் பரவலாக வெளியே சொன்னார்கள். வதந்தி மீண்டும் கிளம்பிவிடும் என்ற பயம் காரணமாகச் சொல்லப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் நீ என்னிடம் எதையோ மறைக்கிறாய் என்று குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், நீ பயந்துவிடுவாய் என்பதால் மறைத்தேன் என்று பிற்பாடு சொல்வதைவிட மோசமான பதில் உண்டா? தீர்வு அதிக மருந்து கொடுப்பதுதான், குறைவாகக் கொடுப்பதல்ல. இதைப் புரியும்படி விளக்க முடியும். வளர்ந்தவர்களாக மதித்துப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

சொட்டு மருந்துக் குப்பியை எப்போதாவது கையில் வாங்கிப் பாருங்கள். அதன் மேல் ஒரு சிறு வட்டம் ஒட்டியிருக்கும், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சூடு பட்டுக்கொண்டே போனால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்ல நிலையில் இருக்கிறது. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் கீழே போட வேண்டியதுதான். 1996 முதல் போலியோ சொட்டுக் குப்பிகளில் இது வந்தது. எழுத்து வேண்டாம், மொழி வேண்டாம், பட்டம் வேண்டாம். மருத்துவ இயக்குநர் பார்ப்பதும் கூலிக்குப் போகும் தாய் பார்ப்பதும் ஒரே சான்று. பொது சுகாதாரத்தில் நான் பார்த்தவற்றில் இதைப்போல மரியாதையான பொருள் வேறில்லை. பணியாளரை நம்பு என்று அது கேட்பதில்லை. நீயே பார் என்கிறது. குப்பிக்குள் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா என்பதை ஒட்டுத்தாள் காட்டாது. அதற்கு அந்தந்த வட்டாரத்திலேயே ஆய்வுக்கூடம் வேண்டும், அதில் உள்ளூர் மருத்துவக் கல்லூரியின் ஆட்களும் உள்ளூர் மக்கள் நம்புகிறவர்களும் உட்கார வேண்டும், முடிவு எதுவானாலும் அன்றே வெளிவர வேண்டும். 2003இல் அப்படியொரு ஏற்பாடு முன்கூட்டியே இருந்திருந்தால், மூன்று நாடுகளுக்கு விமானம் ஏறிப் போகும் நிலை வந்திருக்காது. நாடுகள் கூடி வகுக்கும் சுகாதாரக் கொள்கையில் மருந்துக்கும் குளிர்பதனத்துக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஒதுக்குவதில்லை, சந்தேகம் வெடித்த பிறகு விளம்பரத்துக்கு ஒதுக்குகிறார்கள்.

இதெல்லாம் ஆப்பிரிக்காவிலும் உத்தரப் பிரதேசத்திலும்தான் நடக்கும் என்று நினைப்பவர்கள் 2017 பிப்ரவரியை நினைத்துப் பார்க்கட்டும். தட்டம்மை – ருபெல்லாத் தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கிய மாதம் அது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுவரை எல்லோருக்கும் ஊசி. வாட்ஸாப்பில் குரல் பதிவுகள் பறந்தன. இந்த ஊசியால் பிள்ளை பிறக்காது, ஆட்டிசம் வரும், அயல்நாட்டுச் சதி என்று. பெரும்பாலும் கனோவில் சொன்ன அதே வரிகள். ஊசி நாளன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்திக்கொண்ட பெற்றோரில் பட்டதாரிகள் நிறைய. அரசு கால அவகாசத்தை நீட்டிக்க வேண்டி வந்தது. நம் பெற்றோருக்கு 1996 போன்ற ஒரு காயம் இல்லை. கையில் இணையம் இருந்தது, பக்கத்துத் தெருவில் மருத்துவர் இருந்தார், பத்து நிமிடத்தில் கேட்டுத் தெளிந்திருக்கலாம். என் அளவுகோலின்படி, கனோவின் தாயைவிட அந்தப் பதிவை அடுத்த குழுவுக்குத் தட்டிவிட்ட நம் பொறியாளருக்கு அதிகம் பழி உண்டு. கனோவைப் பற்றிப் பேசும்போது வந்த ‘படிப்பில்லாத கூட்டம்’ என்ற சொல் அப்போது நம் வாயில் வரவில்லை.

ஆப்பிரிக்கா 2020 ஆகஸ்ட் 25இல் காட்டு வகைப் போலியோ நீங்கிய வட்டாரமாகச் சான்று பெற்றது. நைஜீரியாதான் கடைசியாக வந்து சேர்ந்த நாடு. சொகோட்டோ சுல்தானின் தலைமையில் வடக்கின் மரபுத் தலைவர்கள் குழு அமைத்து ஊர் ஊராக இறங்கினார்கள்; 2003இல் ‘மதவெறி’ என்று நாம் ஒதுக்கிய அதே மதத்தின் தலைவர்கள். சான்று பெற்ற ஓராண்டு கழிந்து, 2021 நவம்பரில், மலாவியின் லிலாங்வேயில் ஒரு சிறுமிக்கு வாதம் வந்தது. அந்தக் கிருமியின் தடம் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக்குப் போயிற்று. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் அது சுற்றுகிறது. அங்கே சொட்டு மருந்துக் குழுவோடு துப்பாக்கி ஏந்திய காவலர்கள் போகிறார்கள், அந்தக் காவலர்களும் சாகிறார்கள்.

2025 ஜனவரி 20இல், பதவியேற்ற அன்றே, உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் ஆணையில் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டார். அந்த நிறுவனத்தின் மேல் சந்தேகப்படக் காரணங்கள் இருக்கலாம். 2006–07இல் அது வாயைத் திறக்காமல் இருந்ததை நானே மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடமும் அறிவியலாளரும் பணமும் வேறு எந்த நாட்டைவிடவும் அதிகம் வைத்திருக்கும் நாடு அது. கனோவின் ஆளுநரைப் பதினொரு மாதத்துக்காக உலகமே கண்டித்தது. அந்தக் கண்டனத்தில் முன்வரிசையில் நின்ற நாளிதழ்களும் அரசுகளும், நம் ஊர்ப் பகுத்தறிவாளர்களும், இந்தக் கையெழுத்தைப் பற்றி அதே சொற்களில் பேசுவார்களா என்று கேட்கிறேன்.